அப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க!

எனக்கு ஃபோட்டோ எடுக்க வரும் என்பது ரொம்ப நாளாக எனக்கு மட்டும்தான் தெரியும்.

போன சீசனில் குற்றாலம் போயிருந்தோம். வீட்டில் எல்லோரும் எண்ணெயும் துண்டுமாகக் கிளம்ப, நான் மட்டும் ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு கல்யாண வீடியோக்காரர் மாதிரி பின்னால் நடந்தேன். ஐந்தருவிக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை ஆறு மணி. மேகமூட்டம், லேசான சாரல். அருவியைப் படம் பிடிக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. உச்சி வெயிலில் எடுத்தால் தண்ணீர் வெளுத்த வேட்டியாகிவிடும், பாறை கரிச்சட்டியாகிவிடும்!

நான் பி.காம். எதையும் வரவு செலவாகச் சொன்னால்தான் மண்டையில் ஏறும். ஷட்டரை 1/1000 செகண்ட் திறந்து மூடினால், தண்ணீர் துளித்துளியாக அந்தரத்தில் நிற்கும். அரை செகண்ட் திறந்து வைத்தால் பட்டுப்புடவை மாதிரி வழியும். ஆனால், அரை செகண்டில் வெளிச்சம் ஏகத்துக்கு வரவாகிவிடுமே? அதைச் செலவு எழுதத்தான் அப்பர்ச்சர். எஃப் 8-லிருந்து எஃப் 11-க்குச் சுருக்கினால் வெளிச்சம் பாதியாகும். அப்படியும் கணக்கு டேலி ஆகவில்லையா? லென்ஸுக்கு ஒரு கூலிங்கிளாஸ் மாட்டணும். அதற்குப் பெயர் என்.டி. ஃபில்டர்.

நாற்பது படம் எடுத்தேன். எல்லாவற்றிலும் யாராவது ஒருத்தர் தலையை நீட்டினார். கடைசியில் கூட்டம் கொஞ்சம் விலகியது. க்ளிக் பண்ணிவிட்டுப் பார்த்தால்... இடது மூலையில் அப்பா! ஈரத்துண்டோடு அருவியை அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார்.

''அப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. படத்துல விழறீங்க!''

''சரிப்பா'' என்று ஒதுங்கினார். அப்புறம்தான் என் 'மாஸ்டர் பீஸை' எடுத்தேன்.

ஊர் திரும்பியதும் எல்லாவற்றையும் பிரிண்ட் போட்டு, ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் நீட்டினேன். 'சூப்பர்' என்பார் என்று காத்திருந்தேன். அவரோ மாஸ்டர் பீஸைக் கையில் வைத்துக்கொண்டு, ''பார்த்ததும் கண்ணு முதல்ல எங்க போகுது?'' என்றார்.

''அருவிக்குத்தான்...''

''இல்லை தம்பி. மேல் மூலையில துண்டு வானம் வெள்ளையா நிக்குது பாரு, அங்கதான் ஓடுது. சரி, விழுந்த தண்ணி எங்க போகுது? கீழே பாதியில வெட்டிட்டியே! அதை விடு, இது எவ்வளவு உசரம்? வீட்டுப் பைப்பைத் திறந்துவிட்டு எடுத்தேன்னு சொன்னாலும் நம்பிருவேன்!''

எனக்கு முகம் தொங்கிவிட்டது. அவர் கட்டைப் புரட்டி, நான் கழித்துப்போட்ட ஒரு படத்தை உருவினார். அப்பா விழுந்த படம்!

''இதான் படம். ஆள் நின்னாத்தான் உசரம் தெரியும். இவரு அண்ணாந்து பார்க்காரு, நம்ம கண்ணும் கூடவே மேலே ஏறுது. அரை செகண்ட்ல தண்ணியெல்லாம் ஓடிட்டு. இவரு மட்டும் அசையாம நிக்காரு பாரு.''

உள்ளங்கையால் அப்பாவை மறைத்தார். வெறும் தண்ணீர். கையை எடுத்தார். அப்பா திரும்ப வந்தார். எனக்குத் தொண்டையில் என்னவோ அடைத்தது.

அன்றிலிருந்து எந்தப் படத்துக்கும் எனக்கு இந்தக் கை வைத்தியம்தான். ஒவ்வொரு பகுதியாக மறைத்துப் பாருங்கள். மறைத்தால் படம் கூடுகிறது என்றால் அந்தப் பகுதி வேண்டாம். குறைகிறது என்றால் அதுதான் படத்துக்கே உயிர்.

இன்னொன்று. நல்ல கோணம் கிடைக்கிறதே என்று வழுக்குப் பாறையில் ஏறாதீர்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போனது. தண்ணீர் கலங்கலாக வந்தாலோ, சத்தம் மாறினாலோ ட்ரைபாடைக்கூட விட்டுவிட்டு ஓடிவந்துவிடுங்கள். ட்ரைபாட் கடையில் கிடைக்கும்!

அந்தப் படத்தை இப்போது ஹாலில் மாட்டியிருக்கிறேன். அடுத்த சீசனுக்குக் கூப்பிட்டால் மூட்டுவலி என்று தயங்குகிறார் அப்பா.

''நான் எதுக்குப்பா? வந்தா படத்துல விழுவேன்...''

''நல்லா விழுங்கப்பா! அருவியும் அதைத்தானே பண்ணுது!''