தண்ணீர்த் திட்டத்தில் தோட்டத்தின் குரல் எங்கே?

நீர்த் தடை அறிவிப்பை வானொலியில் வாசித்து முடித்தால் போதும், தொலைபேசி ஓயாது. சிரம்பான் நகரிலிருந்து அழைப்பவர்கள், "எத்தன மணிக்குத் தண்ணி வரும்?" என்று கேட்பார்கள். ரந்தாவ், சிலியாவ், லிங்கி பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் கேள்வி வேறு: "தம்பி, இத யார்கிட்ட கேக்கிறது?"

அப்படிக் கேட்கக் காரணம் இருக்கிறது. வீடமைப்புப் பகுதியில் வீட்டுக்கு ஒரு மீட்டர், பில் உங்கள் பெயரில் வரும். மாநில நீர் நிறுவனமான சாயின்சுக்கு நீங்கள் பயனீட்டாளர். பல தோட்டங்களிலோ மொத்தத்துக்கும் ஒரே பெரிய மீட்டர்தான். அங்கே பயனீட்டாளர் தோட்ட நிர்வாகம். லயத்தில் வாழும் குடும்பங்களின் பெயர் அந்தக் கணக்கில் இல்லை. பெயர் இல்லாதவர்களிடம் யார் வந்து கருத்துக் கேட்பார்கள்?

நம் நாட்டில் நிலமும் ஆறும் மாநிலத்தின் கையில். குழாய் நீர் விநியோகமோ, 2005 அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு, கூட்டரசுக்கும் மாநிலத்துக்கும் பொதுவானது. தேசிய நீர்ச் சேவை ஆணையமான ஸ்பான் அதைக் கண்காணிக்கிறது. 2012இல் தேசிய நீர்வளக் கொள்கையும் வந்தது. இவையெல்லாம் மேல்மட்டத்தில் நடப்பவை.

நமக்கும் ஒரு கதவு

சாதாரண மனிதர் நேரடியாகத் தட்டக்கூடிய கதவு 172ஆம் சட்டம், அதாவது 1976ஆம் ஆண்டு நகர், கிராமப்புறத் திட்டமிடல் சட்டம். இதன்படி மாநிலத்துக்கு ஓர் அமைப்புத் திட்டமும், அதன் கீழ் அந்தந்த வட்டாரத்துக்கு உள்ளூர்த் திட்டமும் வரையப்படும். பெயரில் தண்ணீர் இல்லைதான். ஆனால் எந்த மலைக்காடு நீர்ப்பிடிப்புப் பகுதியாகக் காக்கப்படும், எந்தத் தோட்டம் வீடமைப்பாக மாறும், ஆற்றோரத்தில் தொழிற்பேட்டை வருமா என்பதெல்லாம் இதில்தான் எழுதப்படுகிறது. லிங்கி ஆற்று நீரைச் சுத்திகரித்துக் குடிக்கும் நமக்கு இது சின்ன விஷயமா?

நகல் தயாரானதும் நாளிதழில் அறிவிப்பு வரும். பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். குறிப்பிட்ட கெடுவுக்குள் எவரும் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். உள்ளூர்த் திட்டம் என்றால் நேரில் பேசவும் கேட்கலாம். சொந்த நிலம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. லயத்து வீட்டில் இருப்பவருக்கும் இந்த உரிமை உண்டு.

சிக்கல் எங்கே என்றால், நகல் பல நூறு பக்கம், மலாய் மொழியில், அலுவலக நேரத்தில். விடியற்காலையில் வேலைக்குப் போய்த் திரும்பும் தோட்டத் தொழிலாளி எப்போது போய்ப் படிப்பார்?

வெளியே பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆற்றுப்படுகைத் திட்டங்களை 6 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். நகலைப் பற்றி மக்கள் எழுத 6 மாதமாவது தர வேண்டும். தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22ஐ ஒட்டிக் கிராம சபை கூடுகிறது. அங்கே ஊரே உட்கார்ந்து வாய்விட்டுப் பேசலாம்.

நாம் செய்யக்கூடியவை

தனியாளாகப் போவதைவிட ஆலய நிர்வாகம், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், தொழிற்சங்கக் கிளை ஆகியவற்றின் பெயரில் மனு கொடுங்கள். "தண்ணீர் சரியில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தெந்த நாள் வரவில்லை, நிறம் எப்படி, எத்தனை வீடு என்று குறித்து வைத்து எழுதுங்கள். குழாய்ப் பிரச்சினை தோட்டத்துக்குள் என்றால் 446ஆம் சட்டம் இருக்கிறது. தொழிலாளருக்கு வீடு தரும் தோட்ட முதலாளி, போதிய குழாய் நீரை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது அது. தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம்.

தோட்டத்தில் பிறந்து இன்று கோலாலம்பூரிலும் சிரம்பானிலும் வேலை செய்யும் இளையோரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த நகல் திட்டம் பார்வைக்கு வரும்போது உங்கள் ஊர் வரும் பக்கத்தை மட்டுமாவது படியுங்கள். தீபாவளிக்குப் போகும் வரை காத்திருக்காமல், அன்றே அப்பாவுக்குப் போன் போட்டுத் தமிழில் சொல்லுங்கள். கெடு முடிவதற்குள் மனு போய்ச் சேர வேண்டும்.