பந்தேற்றும் பொறி

டென்மார்க்கு நாட்டின் பில்லுண்டு ஊரில், ஒரு தச்சரின் பட்டறையில் பிறந்தது லெகோ நிறுவனம். ஒன்றையொன்று இறுகப் பற்றும் அதன் பிளாஸ்டிக் கட்டைகளுக்கு 1958-இல் காப்புரிமை கோரப்பட்டது. 1977-இல் வெளிவந்த வரிசை, பற்சக்கரமும் அச்சும் கொண்டு இயந்திரம் சமைக்க வழிசெய்தது.

இக்கட்டைகளால் பலர் தனித்தனியே பொறிகள் கட்டி, அவற்றை வரிசையாக நிறுத்திப் பந்துகளைக் கைமாற்றுவதுண்டு. சராசரியாக நொடிக்கு ஒரு பந்து என்பதே விதி. ஒரு பொறி நின்றால் முந்திய பொறியின் பந்துகள் அதன் வாயில் குவிந்து வழியும். ஆகவே நம் பொறியின் சோம்பல் பிறரின் உழைப்பையும் கெடுக்கும்.

சிறுவர்களுடன் நாமும் ஒன்று கட்டினோம். மோட்டாரைச் சங்கிலியுடன் நேரே இணைத்ததும் பந்துகள் கூடமெங்கும் பறந்தன. 8 பற்களுள்ள சக்கரத்தால் 40 பற்களுள்ளதைச் சுழற்றினோம், வேகம் ஐந்திலொன்றாயிற்று. ஆனால் மோட்டாரை நிறுத்தியதும் பந்துகளின் பாரத்தால் சங்கிலி கீழிறங்கிற்று. அவ்விடத்தில் திருகு வடிவப் பல்லை அமைத்தோம். திருகு சக்கரத்தைச் சுழற்றும். சக்கரத்தால் திருகைச் சுழற்றவியலாது. பந்துகள் நின்ற இடத்திலேயே நின்றன.

எனினும் வாயிலில் இரு பந்துகள் ஒருங்கே நெருக்கி அடைத்துக்கொண்டன. நாம் விரலால் தள்ளிவிட்டுக்கொண்டிருக்க, இளையவள்தான் அங்கே ஆடும் கட்டையொன்றை வைத்தாள். செபமாலை முடிந்தபின் 50 பந்துகளை எண்ணி இட்டோம், 49 மேலேறின. எஞ்சியது மறுநாள் அலமாரிக்கு அடியில் கிடைத்தது.