உடலுக்கு வெளியே வாழும் பி செல்

இரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகை பி செல். ஒரு பி செல், கிருமியைத் தடுக்கும் புரதமான ஆன்டிபாடியில் ஒரே வகையைத்தான் செய்யும். தனக்குப் பொருந்தும் கிருமியைச் சந்தித்ததும் அது பெருகுகிறது. அந்தச் சந்ததியில் சில பிளாஸ்மா செல்களாகி, நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஆன்டிபாடிகளைச் சுரக்கின்றன. வேறு சில நினைவு பி செல்களாகிப் பல்லாண்டுகள் காத்திருக்கின்றன. மருந்தாகக்கூடிய ஆன்டிபாடிக்காக ஆய்வகம் தேடுவது பெரும்பாலும் இந்த நினைவுச் செல்களையே. ஆனால், இரத்தத்திலிருந்து பிரித்து வெறும் ஊட்டக் கரைசலில் விட்டால் அவை சில நாட்களில் மடிந்துபோகும்.

1975இல் கேம்பிரிட்ஜில் விஞ்ஞானிகள் கோலரும் மில்ஸ்டீனும் சுண்டெலியின் பி செல்லைப் புற்றுச் செல்லோடு இணைத்து, சாகாமல் பெருகும் கலப்புச் செல்லை உருவாக்கினர். 1984இல் நோபல் பரிசும் பெற்றனர். மனிதச் செல்லிடம் இந்த வித்தை எளிதில் பலிக்கவில்லை. மனித-எலிக் கலப்புச் செல் பெருகப் பெருக மனிதக் குரோமோசோம்களை உதிர்த்துவிடும். ஆன்டிபாடிக்கான மரபணுவும் அவற்றோடு போய்விடலாம்.

கைகொடுத்தது ஒரு வைரஸ். பெரியவர்களில் பெரும்பாலோரின் உடலில் ஓசையின்றிக் குடியிருக்கும் எப்ஸ்டீன்-பார் வைரஸ், பி செல்லுக்குள் புகுந்து அதைத் தொடர்ந்து பெருகச் செய்யும். நோயாக்கும் அதே குணம் இங்கே கருவியாகிறது. வைரஸை மட்டும் சேர்த்தால் மிகச் சில செல்களே நிலைக்கும். பாக்டீரியாவின் டி.என்.ஏ.வைப் போன்ற சிறு துண்டுகளையும் உடன் சேர்த்தால் பலன் பன்மடங்காகிறது என்று சுவிட்சர்லாந்தின் பெலின்சோனாவில் லான்சவெக்கியாவின் குழு 2004இல் காட்டியது.

வைரஸ் இல்லாத வழியும் உண்டு. உடலில் இன்னொரு வகை வெள்ளையணுவான டி செல், பி செல்லைத் தொட்டு ‘பெருகு’ என்று உணர்த்தும். அந்தத் தொடுகைக்குரிய சிடி40 லிகண்ட் என்ற புரதத்தைத் தாங்கிய துணைச் செல்களை அடியில் பரப்பி, இன்டர்லூக்கின்-21 போன்ற சமிக்ஞைப் புரதங்களைக் கலந்தால், பி செல்கள் பெருகி ஆன்டிபாடியும் சுரக்கும்.

அடுத்தது சல்லடைப் பணி. செல்களைச் சிறு குழிகளில் பகிர்ந்து வளர்த்து, எந்தக் குழியின் திரவம் கிருமியைத் தடுக்கிறது என்று சோதிப்பார்கள். காங்கோவின் கிக்விட்டில் 1995இல் எபோலாவிலிருந்து பிழைத்தவரின் இரத்தம் 11 ஆண்டுகள் கழித்து எடுக்கப்பட்டது. அதிலிருந்த நினைவுச் செல்களை வைரஸ் வழியில் வளர்த்துக் கண்டெடுத்த ஆன்டிபாடியே அன்சுவிமாப். அமெரிக்கா 2020இல் அதை மருந்தாக அங்கீகரித்தது.

மருந்தைப் பேரளவில் தயாரிப்பது அந்த பி செல்லே அல்ல. அதன் ஆன்டிபாடி மரபணுவைப் படித்து, சீன வெள்ளெலியின் சினைப்பைச் செல்கள் போன்ற உறுதியான செல்களில் புகுத்துகிறார்கள். இப்போது ஒற்றைச் செல்லிலிருந்தே மரபணுவைப் படிக்க முடிவதால், பல ஆய்வுகளில் பி செல்லைச் சாகாவரம் பெறவைக்க வேண்டிய தேவையே எழுவதில்லை.