பித்தளைக் கோதும் ஒரு துண்டுக் காந்தமும்

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் வீதியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிறது பெரியகல்லாறு. அங்கே பழைய இரும்பு வாங்கும் ஒருவர் என்னிடம் ஒரு சாக்கை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே வெற்றுத் தோட்டாக் கோதுகள். "காக்கா, எல்லாம் அசல் பித்தளை" என்றார். காந்தத்தை வைத்தேன். பாதி ஒட்டிக்கொண்டது!

இதில் ஏமாறும் வியாபாரிகள் பலர். சீனத் தயாரிப்பு டி-56 துவக்கின் கோதுகளில் பெரும்பாலானவை உருக்கு; மேலே செம்புப் பூச்சு மட்டுமே. வேட்டைத் துவக்கின் 12ஆம் இலக்கத் தோட்டாவோ உடல் பிளாஸ்டிக், அடிப்பகுதி மட்டும் உலோகம். அதிலும் பல, பித்தளைப் பூச்சிட்ட உருக்கு.

அசல் கோது 70 வீதம் செம்பு, 30 வீதம் நாகம். கலப்படமில்லாத தரமான பித்தளை. 7.62 மில்லிமீற்றர் நேட்டோ ரகத்தில் ஏறத்தாழ 85 கோது ஒரு கிலோ, 5.56 ரகமென்றால் 160க்கு மேல் வேண்டும். உருக்கும்போது நாகம் 907 பாகையிலேயே ஆவியாகும். எடை குறையும், அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் வரும்.

சிலர் 'நசுக்காமல் தாருங்கள், கூட விலை தருகிறேன்' என்பார்கள். இங்கேதான் கவனம் தேவை. பித்தளை சுடும்போது அழுத்தத்தில் விரிந்து மீண்டும் சுருங்கும் தன்மையுடையது. அதனால் அமெரிக்கா போன்ற நாடுகளில் ஒரே கோதைப் பல தடவை மருந்து நிரப்பிப் பயன்படுத்துகிறார்கள். அங்கே அது சட்டப்படியான பொழுதுபோக்கு. நம் நாட்டில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் இருக்கின்றன. அனுமதியின்றித் தோட்டா செய்தவனைத் தேடும் பொலிஸ், கோது விற்றவனிடமும் வரும். கூட வரும் சில நூறு ரூபாவுக்கு அந்த வாசற்படி ஏறத் தேவையா? வாங்கிய அன்றே நசுக்கிவிடுங்கள். கொண்டுவந்தவரின் அடையாள அட்டை இலக்கத்தையும் கொப்பியில் எழுதி வையுங்கள்.

நசுக்குமுன் ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். யுத்தம் 2009இல் முடிந்தாலும் படுவான்கரைக் காடுகரையில் பொறுக்கிய சாக்கில் வெடிக்காத ரவை ஒன்று கலந்திருக்கலாம். சுட்ட கோதின் அடியிலுள்ள சிறு மூடியில் ஊசி குத்திய பள்ளம் இருக்கும். பள்ளம் இல்லையென்றால், அல்லது முனையில் சன்னம் இருந்தால், சுத்தியலும் வேண்டாம், உலையும் வேண்டாம். பள்ளம் இருந்தும் வெடிக்காதவை உண்டு. அதனால் உள்ளே வெறுமையா என்றும் பாருங்கள். சந்தேகமானதை அப்படியே விட்டு, ஆட்களை விலக்கி, 119க்கு அழையுங்கள்.