703 என்னும் எண்

எண்களுக்கும் குலமும் குணமும் உண்டு. 703 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். அது 19-ஐ 37-ஆல் பெருக்க வருவது. ஆகவே பகு எண். 1 முதல் 37 வரை கூட்டினாலும் 703 வரும்; ஆதலால் அது முக்கோண எண். அதன் வர்க்கம் 494209. அதனை இரு கூறாக்கி 494-ஐயும் 209-ஐயும் கூட்டினால் மீண்டும் 703. இத்தகைய எண்களுக்கு, அவற்றை ஆராய்ந்த மராட்டியப் பள்ளி ஆசிரியர் கப்ரேகரின் பெயர் வழங்குகிறது.

இவற்றினும் சிறந்த பெருமை ஒன்று இவ்வெண்ணுக்கு நமது பொருநைச் சீமையால் வாய்த்தது. பொருநையோடு கலக்கும் சிற்றாறு குற்றாலத்தில் அருவியாக வீழ்கிறது. அக்குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901-ல் பிறந்தவர் கணித மேதை சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை.

1770-ல் வாரிங் என்ற கேம்பிரிட்ஜ் பேராசிரியர், எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களுக்குள், அல்லது ஒன்பது கனங்களுக்குள், கூட்டிப் பெறலாம் என்றார். மேல் அடுக்குகளுக்கும் இவ்வாறே ஓர் எல்லை உண்டென்றார். அப்படியாயின் ஆறாம் அடுக்குக்கு எல்லை யாது?

ஒரு தராசைக் கருதுங்கள். ஒன்றை ஆறு முறை பெருக்கினால் 1. இரண்டைப் பெருக்கினால் 64. மூன்றைப் பெருக்கினால் 729. இந்த அளவுள்ள எடைக்கற்களே நம்மிடம் உள்ளன. அவற்றை ஒரு தட்டில் மட்டுமே இடலாம். 703-ஐ நிறுக்க வேண்டும். 729 மிகையாகிவிடும். 64 எடையுள்ள கல் பத்து இட்டால் 640; எஞ்சிய 63-க்கு ஒற்றைக் கற்கள் 63. ஆக 73 கற்கள். இதனிற் குறைக்க வழியில்லை. அடுத்த எண்ணாகிய 704-க்கோ 64 எடைக்கல் பதினொன்றே போதும்! எண்ணின் பருமன் வேறு, அது கேட்கும் கற்களின் தொகை வேறு என்பது இதனால் விளங்கும்.

73-க்குக் குறையாது என்பது எளிது. ஆனால் கோடானுகோடிக்கு அப்பால் ஏதேனும் ஓர் எண் 74-ஆவது கல்லைக் கேட்குமோ? எண்களுக்கு முடிவில்லை, ஒவ்வொன்றாகச் சோதித்துத் தீராது. மிகப் பெரிய எண்கள் யாவற்றையும் பொதுநியாயத்தால் ஒருங்கே அடக்கவேண்டும். அந்நியாயம் எட்டாத சிறிய எண்களைக் கணக்கிட்டுத் தீர்க்கவேண்டும். இரண்டுக்கும் இடையே ஓர் எண்ணும் விடுபடலாகாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பிள்ளை, 1940-ல் இதனை முடித்து, 73 கற்கள் எவ்வெண்ணுக்கும் போதும் என்று நிறுவினார்.

ஐந்தாம் அடுக்கின் எல்லை 37 என்பதைச் சீன அறிஞர் சென் 1964-ல் நிறுவினார். நான்காம் அடுக்கின் 19, தமிழரான பாலசுப்பிரமணியனும் பிரெஞ்சு அறிஞர் இருவரும் கூடி உழைத்ததால் 1986-ல் உறுதியாயிற்று.

பிள்ளை இவற்றைக் காணவில்லை. அமெரிக்காவில் நிகழவிருந்த உலகக் கணித மாநாட்டுக்குச் செல்லும் வழியில், 1950 ஆகஸ்டு 31-ல், கெய்ரோவுக்கு அருகே நேர்ந்த விமான விபத்தில் மறைந்தார். அவருக்கு வயது 49. அவர் வகுத்த 73 என்னும் எல்லையோ, இனி எத்துணைப் பெரிய எண்ணை எவர் நினைத்தாலும் அதற்கும் பொருந்தும்.