சுவர் எழும்பும்போதே

தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் அருகே டீ குடிக்கும்போது, பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "கூடங்குளம் நம்ம உலைதானே, வியன்னாக்காரங்க எதுக்குங்கண்ணா கேமரா வைக்கிறாங்க?" நல்ல கேள்வி. இன்னொரு டீ சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

யுரேனிய உலை எதுவானாலும் மின்சாரத்தோடு புளூட்டோனியமும் உண்டாகும். அதில் 8 கிலோ சேர்ந்தால் ஒரு குண்டுக்கு வழி பிறந்துவிடும் என்பது வியன்னாவில் இருக்கும் சர்வதேச அணுசக்தி முகமையின் கணக்கு. டிராம்பேயில் 1960-ல் இயங்கத் தொடங்கிய சைரஸ், கனடா தந்த உலை. அமைதிப் பணிக்கு மட்டுமே என்ற வாக்குறுதி இருந்தது; வந்து பார்க்க ஆய்வாளர் இல்லை. 1974 மே 18-ல் பொக்ரானில் வெடித்தது அந்த உலையின் புளூட்டோனியம்தான். வாக்குறுதியோடு கண்காணிப்பும் வேண்டும் என்று உலை விற்கும் நாடுகள் கெடுபிடி செய்தது அதன் பிறகு.

அப்படி வெளிநாட்டிலிருந்து வாங்கிய கூடங்குளத்தைக் கண்காணிப்பது சுலபம். உலைக்குள் 163 எரிபொருள் கட்டுகள், ஒவ்வொன்றும் ஓர் ஆள் உயரத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல். உலையை நிறுத்தி, மூடியைக் கழற்றினால்தான் வெளியே எடுக்க முடியும். மூடிக்குச் சீல், பயன்படுத்திய எரிபொருள் கிடக்கும் குளத்துக்குக் கேமரா என்று வைத்தால் பெரும்பாலும் தீர்ந்தது. முகமை பல்லாண்டுகள் பயன்படுத்திய உலோகச் சீல் நாணய அளவுதான். அதன் உட்புறக் கீறல்களை முன்கூட்டியே படமெடுத்து வைத்திருப்பார்கள். கழற்றிய சீல் வியன்னா போய்ச் சேர்ந்ததும், அந்தப் படத்தோடு கீறல் கீறலாக ஒப்பிடுவார்கள்.

ராவத்பாட்டா, காக்ரபார் கனநீர் உலைகளில் இந்த வழி செல்லாது. 220 மெகாவாட் உலையில் 306 குழாய்கள், குழாய்க்கு 12 கட்டுகள். கட்டு ஒவ்வொன்றும் அரை மீட்டர்தான். உலை ஓடிக்கொண்டிருக்கும்போதே பழையதை எடுத்துப் புதியதைச் செருகுவார்கள். எனவே கட்டு போகும் பாதையிலேயே எண்ணும் கருவி வேண்டும், அதற்குக் கேபிள் வழி வேண்டும். பூச்சு முடிந்த வீட்டில் சுவரை வெட்டி ஒயரிங் பைப் பதித்தவருக்கு அந்தச் சங்கடம் தெரியும். உலையிலோ சுவர் தடித்த கான்கிரீட், பக்கத்தில் கதிர்வீச்சு.

அதனால்தான் வரைபடத்திலேயே கண்காணிப்புக்கு இடம் விடச் சொல்கிறார்கள். முன்பெல்லாம் அணுப்பொருள் உள்ளே வர 180 நாள் இருக்கும்போது வடிவமைப்பு விவரம் கொடுத்தால் போதும். கட்ட முடிவெடுத்த உடனேயே கொடுக்க வேண்டும் என்று 1992-ல் முகமை மாற்றியது. பின்லாந்தின் ஓன்கலோவில் கழிவு எரிபொருளைப் பாறைக்கு அடியில் புதைத்த பிறகு திரும்ப எடுத்து எண்ணுவது நடைமுறையில் இயலாது. அங்கே முன்யோசனை இல்லாமல் வேலையே நடக்காது.

2025 பட்ஜெட்டில் சிறிய உலைகளுக்கு நாம் 20,000 கோடி ரூபாய் ஒதுக்கினோம்; 2033-க்குள் குறைந்தது ஐந்து ஓட வேண்டும் என்பது இலக்கு. நாமே கட்டும் உலைகளில் எதைக் கண்காணிப்புக்குள் வைப்பது என்பதை இந்தியாதான் முடிவு செய்கிறது. கல்பாக்கம் ஈனுலை அதற்கு வெளியேதான் நிற்கிறது. ஆனால் இறக்குமதி யுரேனியத்தைக் கண்காணிப்பில் உள்ள உலையில்தான் போட முடியும். நம் மண்ணில் யுரேனியம் குறைவு. இன்று வெளியே நிற்கும் உலையும் நாளை உள்ளே வர நேரலாம். அந்த ஐந்து சிறிய உலைகளுக்கும் கேமரா நிற்கும் இடம், கேபிள் போகும் துளை, சீல் போடும் வளையம் எல்லாவற்றையும் இப்போதே, காகிதத்தில் இருக்கும்போதே வரைந்துவிட வேண்டும் என்று அந்தத் தம்பியிடம் சொன்னேன். அதை வரையப்போவது அவர் வயதுப் பொறியாளர்கள்தான்.