உப்பு தின்னும் ரேடியேட்டர்

வடசென்னையின் எண்ணூர் விரைவுச் சாலைக்குப் பெயரில்தான் விரைவு. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிவிட்டால், நடுவில் மாட்டிய கார் முதல் கியரைத் தாண்டாது. ஓடும்போது முகப்பில் அடிக்கும் காற்று நின்றுபோகும். ஃபேன் ஒன்றுதான் துணை. டெம்பரேச்சர் முள் மெல்ல ஏறும். ஓட்டுபவர் ஏ.சி.யை அணைத்துவிட்டு, “வெயில் அப்படி” என்பார். ஆனால் வேலூரில் இதைவிட வெயில் அதிகம். ராயபுரம் முதல் எண்ணூர் வரை, காரின் ரேடியேட்டரை அற்பாயுசில் முடிப்பது உப்புதான். வெளியே கடற்காற்றில் வருகிறது. உள்ளே நாமே ஊற்றும் தண்ணீரில் போகிறது.

இரண்டு வழியும் இங்கேதான்

இன்ஜினைக் குளிர்விக்கும் இரண்டு முறைகளையும் வளர்த்த கரை இது. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டியது. 1955-இல் அசோக் லேலண்ட் ஆகி லாரி, பஸ் பக்கம் திரும்பியது. எல்லாமே ரேடியேட்டர் வைத்த வண்டிகள். அதே 1955-இல் உருவான என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் செய்த புல்லட்டுக்கு ரேடியேட்டரே கிடையாது. சிலிண்டரைச் சுற்றிய தகடுகளில் காற்று பட்டால் போதும். சின்ன இன்ஜினில் அதிக சக்தி வேண்டுமென்றபோது காற்று மட்டும் போதவில்லை. 2023-இல் ஹிமாலயன் 450-க்கு அந்த நிறுவனமும் ரேடியேட்டர் வைத்தது.

காரணம் எளிய கணக்கு. எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் உருப்படியான வேலைக்கு ஆகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மிச்சமுள்ள சூட்டில் பெரும்பகுதியை வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ், ரேடியேட்டர், ஃபேன் ஆகியவை கூட்டாக வெளியேற்ற வேண்டும். ஒன்று படுத்தாலும் எல்லாம் படுக்கும்.

வெளியே வெள்ளைப் பொடி

காசிமேட்டுப் பக்கம் பல வருஷம் நின்ற காரின் பானட்டைத் திறந்து, ரேடியேட்டரின் அலுமினியத் தகடுகளை விரலால் லேசாகத் தடவினால் சில இடங்களில் வெள்ளைப் பொடியாக உதிரும். அது அரித்துப்போன அலுமினியம். தகடு உதிர்ந்த இடத்தில் குழாய் இருக்கும், தண்ணீர் ஓடும், ஆனால் சூடு இறங்காது. ஏ.சி. கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருப்பதால், இரண்டுக்கும் நடுவில் சாலைத் தூசியும் உப்பும் அப்பிக்கொள்ளும். வாட்டர் வாஷில் இந்த இடுக்கை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இன்ஜின் ஆறிய பிறகு, நல்ல தண்ணீரை மெல்லிய வேகத்தில் உட்பக்கத்திலிருந்து வெளியே போகும்படி அடிக்கச் சொல்ல வேண்டும். பிரஷர் கன்னைக் கிட்டே வைத்து அடித்தால் தகடுகள் மடங்கிக் காற்றுவழி அடைபடும்.

உள்ளே போர்த் தண்ணீர்

மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே புகுந்தது ஊரறிந்த சங்கதி. கரையோரப் போர்த் தண்ணீரின் ருசியே அதைச் சொல்லும். அதை ரேடியேட்டரில் ஊற்றினால் உப்பிலுள்ள குளோரைடு அலுமினியத்தில் ஊசித்துளை போடும். சுண்ணாம்பு, குழாய்க்குள் காறையாகப் படியும்.

கூலன்ட் வெறும் கலர் தண்ணீர் இல்லை. எத்திலீன் கிளைக்காலும் துருத்தடுப்பு மருந்தும் கலந்தது. வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கிளைக்கால் கலந்தால் சுமார் 107. நல்ல ரேடியேட்டர் மூடி கொடுக்கும் அழுத்தமும் சேர்ந்தால் 125 டிகிரியைத் தாண்டும். ரப்பர் தேய்ந்த மூடி அந்த லாபத்தை அப்படியே தொலைத்துவிடும். கலக்கத் தேவையானது பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர். துருத்தடுப்பு மருந்து தீர்ந்த பிறகும் பச்சை பச்சையாகவே இருக்கும். நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. பழைய வகைக்கு இரண்டு வருஷம், புது வகைக்கு ஐந்து வருஷம் என்பது பொதுக் கணக்கு. உங்கள் வண்டிக்கு எது என்பதை வண்டியோடு வந்த புத்தகம் சொல்லும். இரண்டு வகையைக் கலக்க வேண்டாம்.

மஞ்சள் தூளும் ஈயமும்

செம்பும் பித்தளையுமாக ரேடியேட்டர் வந்த காலத்தில், ஒழுகினால் கழற்றி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, திரும்ப மாட்டிவிடுவார்கள். இன்று அலுமினியக் கோர், அதன் இரு முனைகளிலும் பிளாஸ்டிக் டேங்க், நடுவில் ரப்பர் வைத்து மடித்த விளிம்பு. பிளாஸ்டிக் விரிசலுக்குப் பசை போட்டால் சூட்டிலும் அழுத்தத்திலும் நாள்படத் தாங்காது. மஞ்சள் தூளைக் கொட்டினால் சின்ன ஒழுக்கு நிற்கும், வீடு வந்து சேரலாம். ஆனால் அதே தூள் குழாய்களையும் அடைக்கும்.

“நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு சார்?” என்று கழற்றிப் போடும் மெக்கானிக்குகள் உண்டு. அது இல்லாத இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும். பெட்ரோல் அதிகம் குடிக்கும். முள் ஏறாததால் கோர் அடைத்திருப்பதும் வெளியே தெரியாது.

புது ரேடியேட்டர் போடும்போது மூடி, ஹோஸ், கிளிப், தெர்மோஸ்டாட் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். புது ரேடியேட்டரில் முழு அழுத்தம் நிற்கும். உளுத்துப்போன ஹோஸ் அதைத் தாங்காமல் வெடிக்கும். கூலன்ட் நிரப்பியதும் உள்ளே சிக்கிய காற்றை எடுக்க வேண்டும். ஏர் லாக் இருந்தால் புது ரேடியேட்டரும் சூடேறும்.

வழியில் சூடேறினால்

ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்தால் கொஞ்சம் சூடு உள்ளே இறங்கும். முள் சிவப்பைத் தொட்டால் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். மூடியைத் திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம். “இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே” என்று ஓட்டுபவர்களால்தான் ஹெட் கேஸ்கட் வேலை நடக்கிறது. அந்தச் செலவில் பல வருஷத்துக்கான கூலன்ட் வாங்கலாம்.

வடித்த பழைய கூலன்ட்டைச் சாக்கடையில் விட வேண்டாம். இனிப்பாக இருப்பதால் தெருநாய் நக்கும். சிறுநீரகம் செயலிழந்து சாகும். பக்கிங்ஹாம் கால்வாயும் கொசஸ்தலையாறும் ஏற்கெனவே சுமப்பது போதும். கேனில் பிடித்து, கழிவு எண்ணெயை முறையாக ஒப்படைக்கும் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். கடலோரத்தில் பழைய கார் வாங்குபவர்கள், கிலோமீட்டரைக் கேட்கும் முன் இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் துருச் சேறு ஒட்டியிருந்தால், விலையில் ஒரு ரேடியேட்டரைக் கழித்துப் பேசுங்கள்.